பறக்கும் விமானத்தின் விமானி அறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு காலத்தில், விமானம் நடுவானில் போய்க்கொண்டிருக்கும்போதே குழந்தைகளை விமானி அறைக்குள் அழைத்துச் சென்று காட்டினார்கள். அப்படிப் போய்வந்தவர்கள் எத்தனை வயதானாலும் அதைச் சொல்லத் தொடங்கினால் குரலே மாறிவிடுகிறது. போகாதவர்களின் பிள்ளைகள் இன்று "நாமும் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். இரு தரப்பினரும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பறந்துகொண்டிருக்கும்போதே உள்ளே விட்டார்களா? நம்ப முடியவில்லையே.

விட்டார்கள். பல நாட்டு விமான நிறுவனங்களில் 2001 வரை இது வெகு இயல்பான வழக்கம். விமானம் மேலேறி உயரம் நிலைப்பட்ட பிறகு, பணிப்பெண் ஒருவர் குழந்தையின் இருக்கை அருகே குனிந்து, "கேப்டனைப் பார்க்க வருகிறாயா?" என்று கேட்பார். பெற்றோரே கேட்டனுப்புவதும் உண்டு. கேப்டன் சம்மதித்தால் போதும்.

பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனம் 1957-இல் சிறுவர்களுக்காக ஜூனியர் ஜெட் கிளப் என்ற ஒன்றைத் தொடங்கியது. உறுப்பினராகும் குழந்தைக்கு ஒரு பதிவேடு கிடைக்கும். பயணத்தின்போது அதைக் காக்பிட்டுக்கு, அதாவது விமானி அறைக்கு, கொடுத்தனுப்பினால், எவ்வளவு தூரம் பறந்தது என்பதைக் குறித்துக் கேப்டன் கையெழுத்திட்டுத் திருப்பித் தருவார். விமானிகள் தங்கள் பறத்தலைப் பதிவு செய்யும் ஏட்டின் சிறுவர் வடிவம் அது. விளம்பர நோக்கமும் அதில் இருந்திருக்கும். ஆனால் ஒரு சிறுமியின் ஏட்டில் கேப்டன் கையெழுத்திடும்போது அவளும் பறந்தவர்களில் ஒருத்தி என்று ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதலின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. காக்பிட் கதவைப் பூட்டி வைக்கும் விதி அங்கே 1960-களிலேயே வந்துவிட்டது. அந்நாட்டு நிறுவனங்களில் குழந்தைகள் பெரும்பாலும் விமானம் தரையில் நிற்கும்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

கதவு திறந்ததும் முதலில் மனத்தில் படுவது எது?

அறையின் சிறுமை. இவ்வளவு பெரிய விமானத்தை ஆளும் இடம் மாளிகைபோல இருக்கும் என்று குழந்தை எதிர்பார்க்கும். உள்ளே இருப்பதோ, இரண்டு பேர் உட்கார்ந்தால் தோளோடு தோள் நெருங்கும் இடம். பின்னால் கூடுதலாக ஓரிரு மடிப்பு இருக்கைகள். அதற்குள் தலைக்கு மேல், முன்னால், இருவருக்கும் நடுவில் என்று எங்கு திரும்பினாலும் கருவிகள்.

அடுத்தது ஒலி. எஞ்சின் சத்தம் அதிகமாகக் கேட்கும் என்று நினைத்துப் போனால், எஞ்சின்கள் வெகு பின்னால் இருக்கின்றன. முன்னால் கேட்பது காற்று. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் மூக்கின் மீதும் கண்ணாடியின் மீதும் உரசிப் போகும் காற்றின் இரைச்சல், இடைவிடாமல்.

ஆனால் பல பேரிடம் கேட்டதிலிருந்தும், நான் சிறு வயதில் ஓர் இரவுப் பயணத்தில் பார்த்ததிலிருந்தும் எனக்கு உறுதியாகத் தோன்றுவது வேறு. அந்த அறையில் நினைவில் நின்றது ஒரு முகம்தான். கனமான வேலையில் இருக்கும் ஒரு பெரியவர், காதுக்கருவியை ஒரு பக்கம் நகர்த்திவிட்டுத் திரும்பிப் பார்த்து, "உனக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்கிறார். பதிலும் சொல்கிறார். குழந்தைகளிடம் பெரியவர்கள் தங்கள் வேலையை அவ்வளவு மரியாதையாகத் திறந்து காட்டுவது அபூர்வம். நான் தொலைவில் மின்னிய மேகத்தைக் காட்டிக் கேட்டபோது, அது எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது, அதைச் சுற்றிப் போக எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று அந்த விமானி ராடார் திரையில் விரல் வைத்து விளக்கினார். இன்றைக்கும் காக்பிட் என்றால் எனக்கு அந்த விரல்தான்.

முன் ஜன்னலில் தெரிவது, நம் இருக்கை ஜன்னலில் தெரியாததா?

அதே வானம்தான். ஆனால் பயணியின் ஜன்னலில் உலகம் பக்கவாட்டில் நழுவிப் போகிறது. முன் கண்ணாடியில் அது நம்மை நோக்கி வருகிறது. நாம் ஓர் இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது உடம்புக்குத் தெரிவது அங்கேதான்.

வழக்கமான பயண உயரம் 35,000 அடி. அங்கிருந்து தொடுவானம் ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால், அரை மணி நேரம் கழித்துக் கடக்கப்போகும் மலைத்தொடர் இப்போதே முன்னால் தெரியும். வெளியே சுமார் மைனஸ் 55 டிகிரி செல்சியஸ் குளிர். தலைக்கு மேலே வானத்தின் நீலம் தரையில் பார்ப்பதைவிட நன்றாகவே கறுத்திருக்கும்.

எதிரே வரும் விமானத்தைப் பார்ப்பதுதான் குழந்தைகளை அப்படியே நிற்க வைக்கும் காட்சி. முதலில் ஒரு புள்ளி, அதன் பின்னால் வெண்ணிறக் கோடு. இரண்டும் மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால், நெருங்கும் வேகம் 1,800. ஒரு நொடிக்கு அரை கிலோமீட்டர்! புள்ளி புள்ளியாகவே இருந்து, திடீரென்று இறக்கைகள் முளைத்து, 1,000 அடி மேலேயோ கீழேயோ பாய்ந்து மறைந்துவிடும். அந்த ஆயிரம் அடி இடைவெளி தற்செயல் அல்ல. எதிரெதிர்த் திசைகளுக்கு வெவ்வேறு உயரங்களை ஒதுக்கும் ஏற்பாட்டின் பலன். இரவில் சில விமானிகள் தரையிறங்கும் விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றி எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்வார்கள். அவரும் பதிலுக்கு மின்னுவார்.

அந்தி நேரத்தில் கிழக்கு நோக்கிப் போனால் இன்னொன்று. முன்னால் அடிவானத்தில் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று எழும்பும். அதன் மேல் விளிம்பில் இளஞ்சிவப்பு. அந்த நீலப் பட்டை பூமியின் நிழல். வளிமண்டலத்தின் மீது பூமி தன் நிழலைத் தானே வீழ்த்துகிறது; விமானம் அதற்குள் நுழைவதுதான் இரவு.

மேற்கு நோக்கிப் போனால் நேர்மாறு. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது; 60 டிகிரி வடக்கில் அதில் பாதிதான், சுமார் 835. ஆகவே அந்த வடதிசைப் பாதைகளில் 900-இல் பறக்கும் விமானம் சூரியனுக்கு ஈடு கொடுத்து ஓடுகிறது. அஸ்தமனம் மணிக்கணக்கில் முன் கண்ணாடியில் நிற்கும். விமானிகளுக்கு அது கண் கூசும் தொல்லை. திரையை இழுத்துவிட்டுக் கொள்வார்கள்.

இடிமேகங்களின் அருகே சில சமயம் கண்ணாடியின் மீது ஊதா நிறத்தில் மெல்லிய மின்கிளைகள் ஓடும். செயின்ட் எல்மோ நெருப்பு என்பார்கள். மின்னேற்றம் பெற்ற காற்றில் நடக்கும் கசிவு அது; நெருப்பு இல்லை, பொதுவாக விமானத்துக்குத் தீங்கும் இல்லை. மாலுமிகள் பாய்மரத்தின் உச்சியில் கண்டு வியந்ததும் இதைத்தான்.

இத்தனை பொத்தான்களும் விமானிக்கு எப்படி நினைவிருக்கின்றன?

அவர் அவற்றை ஒரு பட்டியலாக நினைவில் வைப்பதில்லை. எரிபொருள், மின்சாரம், திரவ அழுத்தம், காற்றழுத்தம் என்று ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு பகுதி. தலைக்கு மேல் உள்ள பலகையில் பெரும்பாலும் அமைப்புகளைப் போடுவதும் நிறுத்துவதும்; நடுவில் எஞ்சின் விசை, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் நீளும் மடல்), ரேடியோ; எதிரே, இப்போது எங்கே எப்படிப் பறக்கிறோம் என்பதைக் காட்டும் திரைகள். இருட்டிலும் தன் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைக் கை தானாகத் தேடிப் போவதைப்போல, பழகிய விமானியின் கை உரிய இடத்துக்குப் போய்விடும். அதற்கும் மேலே, பட்டியலை வாசித்துச் சரிபார்ப்பது கட்டாயம். நினைவை மட்டும் நம்பக்கூடாது என்பது இந்தத் தொழிலின் ஒழுக்கம்.

குழந்தைகள் கவனிக்காத ஒன்றைச் சுட்டிக் காட்டினால் மகிழ்ந்து போவார்கள். நவீன காக்பிட்டில், எல்லாம் சரியாக இருந்தால் தலைக்கு மேல் உள்ள பலகையில் எச்சரிக்கை விளக்குகள் எரியாது. அமைதிக்கு அடையாளம் இருட்டு. ஏதேனும் ஒன்று கெட்டால்தான் விளக்கு எரியும்.

ஒரு கைப்பிடியின் நுனியில் குட்டிச் சக்கரம் இருக்கிறதே, அது அழகுக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் குழந்தையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அந்தச் சின்னச் சக்கரத்துக்குப் பின்னால் பல உயிர்கள் இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே சக்கரங்கள் மடங்கி வயிற்றில் உரசி விழுந்தன. குற்றம் விமானிமேல் போடப்பட்டது. ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். சக்கரத்தை மடக்கும் பொத்தானும் ஃபிளாப்பை மடக்கும் பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. களைத்துப் போன மனிதரின் கை மாறிப் போகாமல் என்ன செய்யும்? ஒன்றின் நுனியில் ரப்பர்ச் சக்கரத்தையும் மற்றதில் இறக்கை வடிவத் துண்டையும் பொருத்த வைத்தார். கண்ணால் பார்க்காமலே கைக்குத் தெரிந்துவிட்டது.

இன்றும் பெரிய பயணிகள் விமானங்களில் லேண்டிங் கியர் (தரையிறங்கும் சக்கரங்கள்) கைப்பிடியின் நுனி சக்கர வடிவம், ஃபிளாப் கைப்பிடியின் நுனி இறக்கை வடிவம். பொம்மை என்று குழந்தை நினைப்பதில் பிழையே இல்லை. தொட்டவுடன் யாருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார்கள்.

திரையில் பாதி நீலம், பாதி பழுப்பு. அது என்ன?

மேலே வானம், கீழே பூமி. நடுக்கோடு தொடுவானம். விமானம் சாய்ந்தால் கோடும் சாயும். மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது விமானிக்கு இதுவே ஜன்னல். இடப்பக்கப் பட்டையில் வேகம், வலப்பக்கத்தில் உயரம். பக்கத்துத் திரையில் போகும் பாதை ஒரு கோடாகவும், வானிலை ராடார் காட்டும் மழை பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களிலும் தெரியும்.

இத்தனை மின்னணுவுக்கும் நடுவே கண்ணாடியின் சட்டத்தில், திரவத்தில் மிதக்கும் சின்னக் காந்தத் திசைகாட்டி ஒன்று இருக்கும். மின்சாரமே வேண்டாம் அதற்கு. குழந்தையிடம் அதைத் தவறாமல் காட்டுங்கள்.

விமானி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே! யார் ஓட்டுகிறார்கள்?

ஆட்டோபைலட் என்ற தானியங்கி ஓட்டுகிறது, விமானி அதை ஓட்டுகிறார். எந்த உயரம், எந்தத் திசை, எந்த வேகம் என்று முடிவு செய்வதும், அது சொன்னபடி செய்கிறதா என்று கண்காணிப்பதும் மனிதரின் பொறுப்பு. ஒருவர் பறத்தலைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் ரேடியோவையும் சரிபார்ப்புகளையும் கவனித்துக்கொள்வார். இன்ன இடத்தில் இவ்வளவு எரிபொருள் மீந்திருக்க வேண்டும், மீந்திருக்கிறதா? இப்போது ஏதாவது ஆனால் அருகில் எந்த விமான நிலையம், அங்கே வானிலை எப்படி? வெளித்தோற்றத்தில் சும்மா இருப்பவர்களின் மனத்தில் ஓடும் கேள்விகள் இவை.

பழைய விமானங்களில் மூன்றாமவர் ஒருவரும் உண்டு: பறத்தல் பொறியாளர். பக்கவாட்டில் தனக்கென்று ஒரு சுவர் நிறையக் கருவிகளோடு உட்கார்ந்திருப்பார். ஜம்போ ஜெட் எனப்படும் போயிங் 747-இல் முதலில் மூவர். 1989-இல் சேவைக்கு வந்த 747-400 வகையில் இருவர். அந்தக் காலத்தில் உள்ளே போன குழந்தைகளிடம் அதிக நேரம் பேசியவர் பல சமயம் அந்தப் பொறியாளர்தான். எனக்கு அவர்கள் போனதில் வருத்தம் உண்டு.

ஏர்பஸ் ஏ320 விமானம் 1988-இல் சேவைக்கு வந்தபோது இன்னொன்றும் மாறியது. நடுவில் நிற்கும் பெரிய கட்டுப்பாட்டுத் தண்டு போய், பக்கத்தில் ஒரு சிறு பிடி வந்தது. அந்த இடம் காலியாகிவிட, விமானிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ள ஒரு மேசை கிடைத்தது. விமானத்தின் காக்பிட்டில் மேசை என்பது குழந்தைகளுக்குத் தாங்க முடியாத ஆச்சரியம்.

கான்கார்டின் காக்பிட் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

கான்கார்டு ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானம். ஒலியைப்போல இரு மடங்கு வேகம், 60,000 அடி வரை உயரம். அங்கே வானம் கிட்டத்தட்டக் கறுப்பு. பூமியின் வளைவும் கண்ணுக்குத் தெரியும். 35,000 அடியில் அந்த வளைவைக் கண்டேன் என்று பலர் சொல்கிறார்கள். உண்மையில் அங்கே அது கண்ணுக்குப் பிடிபடாத அளவு சொற்பம்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறு. அந்த வேகத்தில் காற்று அழுத்தப்படுவதால் மூக்கு நுனி 120 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். விமானமே 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும். பொறியாளரின் கருவிப் பலகைக்கும் பின்சுவருக்கும் இடையே தரையில் இல்லாத ஓர் இடைவெளி, பறக்கும்போது கை நுழையும் அளவுக்குத் திறக்கும். உள்ளே வந்த விருந்தினர்களுக்கு அதைக் காட்டி மகிழ்வார்களாம். 2003-இல் கான்கார்டுகள் ஓய்வு பெற்றபோது, சில பொறியாளர்கள் கடைசிப் பறப்பில் தங்கள் தொப்பியை அந்த இடைவெளியில் செருகிவிட்டார்கள். விமானம் குளிர்ந்து சுருங்கித் தொப்பியைப் பிடித்துக்கொண்டது. மறுபடி அந்த வேகத்தில் பறந்தால்தான் அது விடும்.

பிறகு ஏன் நிறுத்தினார்கள்?

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நான்கு விமானங்கள் கடத்தப்பட்டு, காக்பிட்டுகள் கைப்பற்றப்பட்டு, ஏறத்தாழ 3,000 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதியைக் கடுமையாக்கியது. 60 பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடிய, அல்லது 45,500 கிலோவுக்கு மேல் எடையுள்ள பயணிகள் விமானங்களில் துப்பாக்கிக் குண்டும் எறிகுண்டுச் சிதறலும் துளைக்காத கதவு 2003 நவம்பர் 1 முதல் கட்டாயம். பயணிகள் ஏறி வெளிக்கதவுகள் மூடப்பட்ட நேரத்திலிருந்து, இறங்குவதற்காக ஒரு கதவு திறக்கப்படும் வரை காக்பிட் பூட்டியே இருக்க வேண்டும். பணி நிமித்தம் அனுமதி பெற்றவர்கள் மட்டும் போய்வரலாம்.

இழப்பு பெரியது என்று நினைப்பவன் நான். ஆனாலும் அந்தக் கதவு பூட்டியிருப்பது சரி என்றே சொல்வேன். ஒரு குழந்தையின் மகிழ்ச்சியை, அதே விமானத்தில் இருக்கும் முந்நூறு பேரின் உயிரோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஒரு குழந்தையால் விமானம் விழுந்தது என்பது உண்மையா?

அப்படிச் சொல்வதை நான் ஏற்கவில்லை. நடந்தது இது: 1994 மார்ச் 23, மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் செல்லும் ஏரோஃப்ளோட் 593. ஏர்பஸ் ஏ310 வகை. விமானிகளில் ஒருவர் தன் மகளையும் மகனையும் வரவழைத்து இருக்கையில் உட்கார வைத்தார். மகன் கட்டுப்பாட்டுத் தண்டைச் சற்று அழுத்தமாக, அரை நிமிடம் பிடித்திருந்ததில் ஆட்டோபைலட்டின் ஒரு பகுதி, இறக்கைச் சாய்வைப் பார்த்துக்கொள்ளும் பகுதி, விடுபட்டது. ஒரு விளக்கு மட்டும் எரிந்தது, எச்சரிக்கை ஒலி எதுவும் எழவில்லை. அந்த வகை விமானத்தில் இப்படி நடக்கும் என்பது விமானிகளுக்குப் பழக்கமில்லை. விமானம் மெல்லச் சாய்ந்து, கட்டுப்பாடிழந்து, சைபீரியாவில் விழுந்தது. 75 பேரும் இறந்தார்கள்.

பையன் சொன்னதைச் செய்தான். விமானம் தானாகச் சாய்வதை முதலில் கவனித்துச் சொன்னதும் அவன்தான். இருக்கையை ஒப்படைத்தது பெரியவர்கள். குழந்தை பின்னால் நின்று பார்ப்பதும் கேட்பதும் வேறு, கட்டுப்பாட்டில் கை வைப்பது வேறு. அந்தக் கோடு ஒருபோதும் தாண்டப்படக் கூடாதது.

சரி, இன்றைக்கு ஒரு குழந்தை எப்போது பார்க்க முடியும்?

மேலே சொன்ன விதியை மறுபடி படியுங்கள். வழி அதிலேயே இருக்கிறது. வெளிக்கதவுகள் திறந்திருக்கும் நேரம், அதாவது புறப்படுவதற்கு முன்பும் வந்து நின்ற பிறகும். பல நிறுவனங்களில் கேப்டன் விரும்பினால் அப்போது அனுமதிக்கிறார். சில நிறுவனங்களும் சில நாடுகளும் அதையும் அனுமதிப்பதில்லை.

ஏறும்போது வாசலில் நிற்கும் பணியாளரிடம் ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்: "இறங்கிய பிறகு, விமானிகளுக்கு நேரமிருந்தால், என் மகள் ஒரு நிமிடம் காக்பிட்டைப் பார்க்கலாமா?" புறப்படும் முன் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. பாதையைக் கணினியில் ஏற்ற வேண்டும், எடைக் கணக்கு, எரிபொருள், வெளியே போய் விமானத்தைச் சுற்றிப் பார்ப்பது, அனுமதி வாங்குவது. ஆகவே நான் எப்போதும் சொல்வது, வந்து சேர்ந்த பிறகு பாருங்கள் என்பதுதான். எல்லாப் பயணிகளும் இறங்கும் வரை இருக்கையிலேயே காத்திருங்கள். அந்த நேரத்தில் விமானிகளின் தோள்கள் தளர்ந்திருக்கும், பேச மனமும் இருக்கும்.

குழந்தையே கேட்டால் இன்னும் நல்லது.

மறுத்துவிட்டால்?

நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த பயணத்துக்கு அரை மணி நேரத்தில் அதே விமானம் கிளம்ப வேண்டியிருக்கலாம். காரணம் கேட்டு வற்புறுத்தாதீர்கள். குழந்தையின் முன்னால் அலுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

உள்ளே போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? என்ன கேட்கலாம்?

கைகள் முதுகுக்குப் பின்னால். நிற்கும் விமானத்திலும் பல அமைப்புகள் இயங்கிக்கொண்டிருக்கும். புகைப்படம் எடுக்கும் முன் கேளுங்கள். இருக்கையில் உட்காரச் சொன்னால் மட்டும் உட்காருங்கள், இடப்பக்கம் கேப்டனுடையது.

படம் எடுத்தே நேரத்தைத் தீர்த்துவிடும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒரு படம் போதும். மீதி நேரம் குழந்தை பேசட்டும். "இது எதற்கு?" என்று ஒவ்வொரு பொத்தானாகக் கேட்பதைவிட நல்ல கேள்விகள் இருக்கின்றன: இன்று வழியில் எதைக் கண்டு கவலைப்பட்டீர்கள்? இங்கே இறங்க முடியாமல் போயிருந்தால் எந்த ஊருக்குப் போயிருப்போம்? மேகத்துக்குள் பயமாக இருக்காதா? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு பெயர் பதிலாக வரும், ஏனென்றால் மாற்று விமான நிலையத்தை முன்கூட்டியே தீர்மானிக்காமல் அவர்கள் பொதுவாகக் கிளம்புவதில்லை. தன்னுடைய பயணத்துக்குப் பின்னால் இன்னொரு பயணம் தயாராக இருந்தது என்று அறியும் குழந்தையின் கண்களைப் பாருங்கள்.

விமானத்தின் கண்ணாடிக்கு வைப்பர் உண்டா? ஜன்னல் திறக்குமா?

இரண்டுக்கும் ஆம். மழையில் தரையிறங்கும்போது வைப்பர் ஓடும். ஏ320, போயிங் 737 போன்றவற்றில் பக்கவாட்டு ஜன்னலைத் தரையில் திறக்கலாம். ஆபத்தில் விமானிகள் இறங்கித் தப்பிக்க மேலே ஒரு கயிறும் இருக்கும். முன் கண்ணாடி பல அடுக்குகள் கொண்டது, உள்ளே மின்சாரத்தால் சூடேற்றப்படுகிறது. பனி படியாமல் இருக்கவும், பறவை மோதினால் தாங்கவும் அந்தச் சூடு உதவுகிறது.

குழந்தை பேசியதெல்லாம் பதிவாகுமா?

காக்பிட்டின் ஒலிப்பதிவுக் கருவி இயங்கினால் ஆகும். பல விமானங்களில் கடைசி 2 மணி நேரம் மட்டும் மிஞ்சும், புதியவற்றில் 25 மணி நேரம். பழையது தானாக அழிந்துகொண்டே வரும்.

பறக்கும்போதே விமானிக்குப் பக்கத்தில் இருக்க வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. பூட்டுக் கதவு விதி பெரிய விமானங்களுக்கானது. சின்னஞ்சிறு விமானங்களில் கதவே இருக்காது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குப் போகும் சேவை, உலகின் மிகக் குறுகிய வழக்கமான விமானப் பயணம். 3 கிலோமீட்டருக்கும் குறைவு, காற்று சாதகமாக இருந்தால் 2 நிமிடம்கூட ஆகாது. அந்த விமானத்தில் விமானிக்குப் பக்கத்து இருக்கையில் பயணி அமர்வதும் உண்டு.

அமெரிக்காவில் 1992 முதல் நடக்கும் யங் ஈகிள்ஸ் திட்டத்தில் தன்னார்வ விமானிகள் 8 முதல் 17 வயது வரையுள்ளவர்களை இலவசமாகச் சிறு விமானத்தில் அழைத்துப் போகிறார்கள். இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பறந்திருக்கிறார்கள். மற்ற நாடுகளிலும் பறத்தல் கழகங்கள் அறிமுகப் பறப்பு தருகின்றன. வாய்ப்பிருந்தால் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். சிறு விமானத்தில் பயணி இருக்கை, விமானி இருக்கை என்ற வேறுபாடே மறைந்துவிடுகிறது.

விமானமே ஏறாமல்?

அருங்காட்சியகங்கள். ஜெர்மனியின் சின்ஸ்ஹைமில் கான்கார்டும் அதன் சோவியத் போட்டியாளரான டியூ-144-உம் கூரைமேல் நிற்கின்றன. இரண்டுக்குள்ளும் ஏறி நடக்கலாம். பாரிஸ் அருகே லெ பூர்ஜே, பிரிட்டனின் பிரிஸ்டல், அமெரிக்காவின் சியாட்டில் ஆகிய இடங்களிலும் கான்கார்டு இருக்கிறது. சியாட்டிலில் முதன்முதலில் பறந்த 747-உம் உண்டு.

சிமுலேட்டரை, அதாவது பறப்பதைத் தரையிலேயே பழக்கும் கருவியை, விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள். எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் தன் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில், ஆர்கனுக்கான காற்றுத் துருத்திகளைக் கொண்டு 1920-களின் இறுதியில் ஒரு பறத்தல் பயிற்சிக் கருவியைச் செய்தார். தொடக்கத்தில் அதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள். மேகத்துக்குள் பறக்கத் தெரியாமல் விமானிகள் இறந்துகொண்டிருந்தபோதுதான், 1934-இல் அமெரிக்க ராணுவம் ஆறு கருவிகளை வாங்கியது. குழந்தைகள் ஏறி ஆடிய பெட்டி, போர்க்காலத்தில் பெருந்திரளான விமானிகளுக்குப் பாடம் சொன்னது.

சில ஏ350, ஏ380 விமானங்களில் இருக்கைத் திரையிலேயே வெளிக்கேமராக் காட்சி வரும். புறப்படும்போதும் இறங்கும்போதும் அதைப் போட்டுக்கொடுங்கள். முன் ஜன்னலுக்கு ஈடில்லை. ஆனால் ஓடுபாதை நம்மை நோக்கி எழுவதைக் குழந்தை பார்த்துவிடும்.

பறக்கப் பயப்படும் குழந்தைக்கு இது உதவுமா?

பலருக்கு உதவுகிறது. பயத்தின் பெரும்பகுதி, மூடிய கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரியாததால் வருகிறது. பெரியவர்களின் பறத்தல் பயத்துக்காகச் சில நிறுவனங்கள் நடத்தும் வகுப்புகளிலும் விமானிகள் நேரில் வந்து ஒவ்வொரு சத்தத்தையும் குலுங்கலையும் விளக்குகிறார்கள். குழந்தை மிரண்டால் மட்டும் உடனே வெளியே அழைத்து வந்துவிடுங்கள்.

எனக்கு வயது ஐம்பது. நான் கேட்கலாமா?

தாராளமாக. பிள்ளையைச் சாக்காக வைத்துக் கேட்கும் பெற்றோரை விமானிகள் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள், அதனால் நேராகவே கேளுங்கள். அவர்களில் பலர் இந்த வேலைக்கு வந்ததே, சிறு வயதில் யாரோ ஒரு கேப்டன் தங்களுக்காக நகர்ந்து இடம் கொடுத்ததால்தான்.